இடப்பக்கச் சுவரும் கொஞ்சம் களியும்

‘அன்பு மகனே’ என்று தொடங்கினால் நீ முகம் சுளிப்பாய். அப்படி உன்னை நான் ஒருநாளும் அழைத்ததில்லை. பெயர் சொல்லித் தொடங்கினாலோ இதை வாசிக்கப்போகும் மற்றவர்களுக்கும் உன் பெயர் தெரிந்துவிடும். ஆகவே அழைப்பின்றியே தொடங்குகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உனக்கு மலையாளம் ஓடும், ஆங்கிலம் பறக்கும். தமிழை மட்டும் இன்றும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், ஒரே ககரத்துக்கு எத்தனை ஒலி என்று நடுவில் நின்று முறைத்துக்கொள்வாய். நான் அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கெல்லாம் ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறாய். இதில் அது நடக்காது. ஒவ்வொரு சொல்லாக நீ கடந்துதான் வர வேண்டும். உன்னுடைய நேரம் எனக்கு வேண்டியிருக்கிறது; எதற்கு என்பது கடைசியில் தெரியும். எனக்கும் நாளைக் காலைவரை அவசரம் ஒன்றுமில்லை. இதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன், ஏனென்றால் இந்தத் தெருவிலேயே மாடிகளில் அமர்ந்திருக்கும் தாய்மார்களும் வெளிநாடுகளில் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் நம்மைத் தவிரவும் இருக்கிறார்கள்.

அவர்களுக்காக நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது மட்டாஞ்சேரியில், முன்பு சுக்குக் கிடங்காக இருந்து இப்போது வெள்ளைக்காரர்களுக்குப் பழைய உருளிகளை விற்கும் கடையாகிவிட்ட கட்டடத்தின் மாடியில். கிடங்கு போய் வெகுகாலமாகியும் மழை நாளில் சுவர்கள் சுக்கு வாசனைதான் வீசுகின்றன. மாடிக்கு ஒரே வழி மரப்படி. படி என்பதைவிட அதை ஏணிக்குத் தங்கை என்பது பொருந்தும். சென்ற மழைக்காலத்தில் அதில் சறுக்கி இடது தொடையெலும்பை முறித்துக்கொண்டேன். எலும்பு கூடிவிட்டது. “ரெண்டு பக்கமும் பிடிமானம் இருந்தால் ஏறி இறங்கலாம்” என்று மருத்துவர் உன் முன்னிலையிலேயே சொன்னார். நம் படியில் இறங்கும்போது வலப்பக்கம் மரக் கைப்பிடி உண்டு. இடப்பக்கம் வெறும் சுவர். நீ ஹாம்பர்க்கிலிருந்து விடுப்பில் வந்தாய். படியின் தலையில் ஓர் இரும்பு கிரில் கேட் போட்டாய், அதற்கு ஒரு பூட்டுப் போட்டாய், கூடத்தில் ஒரு கேமராவை மாட்டினாய், கும்பளங்கியிலிருந்து ஹோம் நர்ஸாக வந்த லிஸ்ஸியிடம் சாவியைக் கொடுத்தாய். அதே வாரத்தில்தான் பரணிலிருந்து உன் பழைய பெட்டியை இறக்கி, நீ சிறுவயதில் ஆடிய கையடக்க விளையாட்டுக் கருவிகள் மூன்றையும் துடைத்து, மின்கலம் மாற்றி, என் மடியில் வைத்தாய். “பொழுது போகும்மா” என்றாய். தவழும் குழந்தைக்குச் செய்வது போல ஒரு தடுப்பும் ஒரு பொம்மையும்.

போகுமுன் ஒரு நிபந்தனையும் விதித்தாய். நானே தனியாகப் படியிறங்கித் திரும்பி ஏறிவிட்டால் இந்த வீட்டிலேயே இருக்கலாம். முடியாவிட்டால் கிறிஸ்துமஸ் விடுப்பில் நீ வந்து என்னை ஆலுவாப் பக்கம் பார்த்து வைத்திருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவாய். நியாயமான நிபந்தனை. ஆனால் படியின் தலையில் கேட் பூட்டியிருக்கும்போது இறங்கிக் காட்டுவது எப்படி என்று கேட்டேன். “அதுக்குத்தாம்மா சொல்றேன், உன்னால முடியாதுன்னு” என்றாய். கல்லூரியில் முப்பதாண்டுக் காலம் இயற்பியல் கற்பித்தவள் நான். சோதனைச் சாலையைப் பூட்டி வைத்துவிட்டு, சோதனை தோற்றுவிட்டது என்று எழுதிய மாணவனை அதுவரை பார்த்ததில்லை.

ஆக, ஆடினேன். ஆடியதைப் பற்றி எழுதுமுன் அந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவிகள் நம் வீட்டுக்குள் வந்ததே ஒரு சொல்லின் குளறுபடியால்தான். நான் திருநெல்வேலியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். நீ இங்கேயே பிறந்தவன். தமிழ் நம் இருவருக்கும் பொது, ஆனால் உன் தமிழுக்குள் பாதி மலையாளம் குடியிருந்தது. உன் மாமா, என் அண்ணன், மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்து திருநெல்வேலியிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். ரிசீவரை நீ பிடுங்கிக்கொண்டாய். “மருமவனே, மாமா ஊருக்கு வாரேன், உனக்கு என்னலே வேணும்?” என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. “களி வேணும் மாமா” என்றாய். “களியாலே?” “ஆமா மாமா. கையில வச்சிக்கிற களி. கிளாஸ்ல எல்லாரும் வச்சிருக்கான், எனக்கு மட்டும்தான் இல்ல.” உனக்குக் களி என்றால் விளையாட்டு, மலையாளத்தில் அதுதான் பொருள். அண்ணனுக்குக் களி என்றால் கிண்டிச் சாப்பிடுவது. பிறகு அவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்: “ஏட்டி, பிள்ள களிக்கு ஏங்கிப்போயி கெடக்கான். காலேஜு காலேஜுன்னு ஓடுதியே, பெத்த பிள்ளைக்கு ஒரு களி கிண்டிக் கொடுக்க ஒனக்கு நேரமில்லயா?”

ரயிலேறி அவர் வந்தபோது கையில் ஒரு தூக்குவாளி. அண்ணி விடிய எழுந்து கிண்டிய உளுந்தங்களி. கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் மிதக்க மிதக்க. நீ ஓடிப்போய் மூடியைத் திறந்தாய். உள்ளே விரலை விட்டுத் துழாவிவிட்டு, “இதுல பட்டன் எங்க மாமா?” என்று கேட்டாய். விவரம் புரிந்ததும் உன் அப்பா சிரித்த சிரிப்பில் கீழே கிடங்கில் சுக்குப் புடைத்துக்கொண்டிருந்தவர்கள் மேலே எட்டிப் பார்த்தார்கள். நீ அழுதாய். அண்ணனுக்கும் வெட்கம்; வெட்கத்தை மறைக்க அதட்டினார்: “எங்க ஊர்ல களி ஜெயில்லதாம்லே போடுவான். ஒங்க ஊர்ல அத வச்சி வெளையாடுதியளோ?” ஆனால் அடுத்த விடுப்பில் அவர் வந்தபோது பெட்டியில் முதல் கருவி இருந்தது. அதன் பிறகு நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் ஒன்றாகவே வழங்கின. நீ மணிக்கணக்காகத் தலை நிமிராமல் அமர்ந்திருக்கும்போது, “களி தின்னது போதும், வெளியே வா” என்பேன். அதைச் சொன்னவள் இத்தனை மாதமும் எங்கே அமர்ந்திருந்தாள் என்பதை நீ கேமராவில் பார்த்திருக்கிறாய்.

அந்தக் கருவிகளில் இருந்த ஆட்டத் தொடர் உன் தலைமுறைக்கெல்லாம் தெரிந்தது. குடை பிடித்த ஒரு குள்ளன் ஓடுவான், குதிப்பான், மேடையிலிருந்து மேடைக்குத் தாவுவான், உயரத்திலிருந்து விழும்போது குடையை விரித்து மெல்ல இறங்குவான். நாம் அவனைக் குடைக்காரன் என்றோம். தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் பெரிய ஆட்டங்கள்தாம் அசல், கையில் வைத்து ஆடும் இவை வெறும் உபரி, தொடரின் வரலாற்றில் இவற்றை யாரும் பெரிதாகக் கொள்வதில்லை என்று நீயே இம்முறை சொன்னாய். பெரிய ஆட்டங்களை நான் கண்டதில்லை. ஆனால் இந்தச் சிறியவற்றைக் குறித்து உன்னைவிட எனக்கு இப்போது அதிகம் தெரியும். பயணம் செய்கிறவர்களுக்கென்று செய்யப்பட்டவை என்று அட்டைப் பெட்டியின் மேல் ஓடும் குழந்தைகளின் படம் போட்டிருக்கிறது. பொய். இவை எழுந்து போக முடியாதவர்களுக்கென்று செய்யப்பட்டவை. உன் பள்ளிக்கூடமும் என் கல்லூரியும் அக்கரையில் இருந்தன. தினமும் நாம் படகில் எறணாகுளம் போனோம். படகு நடுக்காயலில் இருக்கும்போது இறங்க முடியாது என்பதால்தான் நீ அதை எடுத்தாய். ஒருநாளும் நீ தண்ணீரைப் பார்த்ததில்லை. நான் தண்ணீரைப் பார்த்தேன். உன் கையில் இருந்ததை ஒருநாளும் பார்த்ததில்லை.

முதல் ஆட்டத்தின் திரை பாசி படிந்த குளத்தின் நிறம். அதற்குள் விளக்குக் கிடையாது. முற்பகல் வெயில் கிழக்குச் சன்னல் வழியாக விழும் நேரத்தில் அங்கே போய் அமர்ந்தால்தான் குடைக்காரன் கண்ணுக்குத் தெரிவான். வேகமாக ஓடினால் தன் உருவத்தைத் தானே பின்னால் இழுபட விட்டுச் செல்வான், ஈரச் சுவரில் சுண்ணாம்பு வழிந்தது போல. குதித்த பிறகு அந்தரத்தில் திசை மாறுகிறான். தள்ளுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் எந்தப் பொருளும் அப்படித் திரும்பாது. சிறுவனாக இருந்தபோது நீ இதைப் படகில் விவரித்தாய், நான் இதே ஆட்சேபத்தைச் சொன்னேன், நீ தலை நிமிராமலேயே “அங்க காத்து இருக்கும்மா” என்றாய். பக்கத்திலிருந்த வேதியியல் ஆசிரியை அதற்காக என்னை ஒரு வாரம் கேலி செய்தார். ஆனால் அந்த ஆட்டத்தின் அசல் கொடுமை வேறு. குடைக்காரன் வலப்பக்கம் மட்டுமே போகலாம். அவன் முன்னேற முன்னேறத் திரையின் இடது ஓரம் அவன் பின்னாலேயே மூடிக்கொண்டு வருகிறது. கடந்து வந்த மேடை கண்ணுக்குத் தெரியாது. திரும்பினால் ஒன்றுமில்லாத இடத்தில் முட்டிக்கொள்வான். சில கட்டங்களில் அந்த ஓரம் தானாகவே நகர்ந்து அவனைத் தள்ளவும் செய்கிறது. முதுகில் சுவர், முன்னால் பள்ளம், நின்றால் நசுங்குவான். ஒருநாள் அடுத்த வாசலைத் திறக்கும் மணியை எடுக்காமல் கடந்துவிட்டு, திரும்பிப் போக வழியில்லாமல் நீ விம்மினாய். உன் அப்பா, “அணைச்சிட்டு மொதல்லேருந்து தொடங்குடா” என்றார். எல்லோருக்கும் அந்த வசதி இருப்பதாக அவர் நம்பினார்.

சென்ற மாதம் ஒரு முற்பகலில் நான் அந்தத் தள்ளும் சுவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தபோது புகை வந்தது. முதலில் நான் திரையில்தான் ஏதோ மங்குகிறது என்று எண்ணினேன். லிஸ்ஸி கேட்டைப் பூட்டிவிட்டு மீன் வாங்கப் போயிருந்தாள். புகை படிக்கட்டு வழியே மேலே வந்தது. வாக்கர் என்கிற நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு கேட் வரை போனேன். பூட்டைப் பிடித்து ஆட்டினேன். கீழே யாரோ இருமுவது கேட்டது. கூப்பிட்டேன், பழம்பொருள் கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேட்டின் கம்பிகள் எவ்வளவு உறுதியானவை என்பதை நீ விலைக்கு வாங்கியபோது அறிந்திருக்க மாட்டாய், நான் அறிந்தேன். அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் சுவரில் மாட்டிய கேமராவிலிருந்து உன் குரல் வந்தது, ஏதோ அசரீரி போல.

“அம்மா! கேட் கிட்ட என்ன செய்யற? உள்ள போ!”

“புகை வருது. லிஸ்ஸி இல்லை. சாவி அவகிட்ட.”

“நான் லிஸ்ஸிக்குப் போன் செய்யறேன். நீ போய் கட்டில்ல உக்காரு. கேட்டை ஆட்டாத, விழுந்துடுவே.”

“விழுவதைவிட வேகுவது மேலா?”

“அம்மா, இது களியல்லம்மா!”

நீ சொல்ல வந்தது இது விளையாட்டில்லை என்று. எனக்கு, ‘களி ஜெயில்லதாம்லே போடுவான்’ என்ற என் அண்ணனின் குரல்தான் கேட்டது. கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டு, தலை நரைத்த பிறகு, ‘இது களிதான், வேறெதுவும் இல்லை’ என்று எனக்கு விளங்கியது. இரவில் எனக்கு ஓட்ஸ் கஞ்சிதான் என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். லிஸ்ஸி அதைக் கரண்டி நிற்கும் பதத்தில் கிண்டுகிறாள். எதுவும் குறைவில்லை.

புகை ஒன்றுமில்லை, கடைக்காரர்கள் பின்முற்றத்தில் பொதி வைக்கோலையும் அட்டைப் பெட்டிகளையும் எரித்திருக்கிறார்கள். லிஸ்ஸி மீன் பையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். “எண்டம்மே, டீச்சரே, பேடிச்சுப் போயி!” என்று பயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீயும் அன்றிரவு தூங்கவில்லை என்று பிறகு சொன்னாய். காலையில் கண் விழித்ததும் பல் துலக்குமுன் கேமராவைத்தான் பார்ப்பதாகவும் சொன்னாய். என்னை அடைத்து வைத்தவன் என்று உன்னை நினைக்கத் தொடங்கியிருந்தேன். அந்த வாக்கியத்துக்குப் பிறகு அப்படி எளிதாக நினைக்க முடியவில்லை. கேட்டின் இந்தப் பக்கம் நான் இருந்தேன் என்றால், அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் நீயும் எழுந்து போக முடியாமல்தான் அமர்ந்திருந்தாய்.

இரண்டாவது ஆட்டம் வண்ணம். நீ உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது வந்தது. இதில் இடப்பக்கமும் போகலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பி வரலாம். பெரிய விடுதலை என்று நினைத்தேன். ஒரு வாரம் ஒரே கோட்டைக்குள் சுற்றி வந்த பிறகுதான் புரிந்தது: திரும்பிப் போக விடுவதும் வெளியே போக விடுவதும் ஒன்றல்ல. கூடத்திலிருந்து அடுக்களைக்கும் அடுக்களையிலிருந்து சன்னலுக்கும் நானும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். கோட்டை வாசலுக்கு ஒரு சாவி. அதை ஒரு பருத்த நண்டு கழுத்தில் மாட்டிக்கொண்டு இங்குமங்கும் நடக்கிறது. அதைப் பகைத்தால் கொடுக்கால் கிள்ளும். கெஞ்சுவதற்கு ஆட்டத்தில் வழியில்லை. லிஸ்ஸியிடம் காட்டினேன். அவளும் சாவியை ஜெபமாலையோடு சேர்த்துக் கழுத்தில்தான் மாட்டியிருக்கிறாள்.

“ஞான் ஞண்டோ, டீச்சரே?” என்றாள், நண்டைத் தன் ஊர்ச் சொல்லால் சொல்லி. “பூட்டினது மோனல்லே? எண்ட தலையில எதுக்கு வைக்கறீங்க?”

“ஒரு தடவை திற. நீ பின்னாலேயே நில்லு. நான் இறங்கி ஏறுகிறேன்.”

“மோன் கேமராவில பாக்கும். எண்ட பணி போகும். எனக்கு ரெண்டு பெண்பிள்ளைகள் உண்டு, டீச்சரே. திறக்கல்ல, திறக்கல்ல.” பிறகு திரையை எட்டிப் பார்த்து, “அந்த நண்டுக்குச் சம்பளம் உண்டா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “பின்ன எதுக்குச் சாவியும் கழுத்தில இட்டு நடக்குது, மண்டன்” என்று திட்டினாள். நண்டைத் தாண்டும் முயற்சியில் அவளும் சேர்ந்துகொண்டாள். பொறுமையில்லாதவள், எல்லாப் பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அழுத்தி, குடைக்காரனைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, “போயி!” என்று என் தொடையில் அடிப்பாள், நல்ல வேளையாக வலது தொடையில். சாவியை மட்டும் தரவில்லை. அவளை நான் குறை சொல்லவில்லை. நீயும் சொல்லக் கூடாது. இதைக் கடைசியில் மீண்டும் சொல்வேன்.

மூன்றாவது, மடக்கித் திறக்கும் கருவி. உன் முதல் சம்பளத்தில் பெங்களூரில் நீ வாங்கியது. மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. மேல் திரையில் குடைக்காரன் நிற்கிறான். கீழ்த் திரையில் தெருவும் ஆறும் ஓடுகின்றன. அந்த ஆட்டத்தை விற்பனையாகாத ஒன்று, தொடரிலேயே சோர்வானது என்று நீ ஒதுக்கினாய். எனக்கு அதுதான் மூன்றிலும் மேலானது, ஏனென்றால் அதில் மட்டும்தான் தடுப்புகள் வெறும் தடுப்புகளாக இல்லை. மேலே வழி மறித்து ஒரு வேலி நிற்கும். அதன் மேல் எத்தனை முறை குதித்தாலும் தாண்ட முடியாது. ஆனால் கருவியோடு வரும் சிறு குச்சியால் அந்த வேலியைத் தொட்டு இழுத்தால் அது பெயர்ந்து கீழ்த் திரைக்கு வருகிறது. அங்கே அதைப் படுக்க வைத்தால் பாலம். சாய்த்து வைத்தால் ஏறுபடி. நான் அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கண்டுபிடித்ததும் கருவியை மடக்கி வைத்துவிட்டு உன் கேட்டைப் பார்த்தேன். நன்றாக, முதல் தடவையாக, ஒரு பொருளாக அதைப் பார்த்தேன். நான்கு பக்கமும் கனத்த குழாயில் சட்டம், நடுவே கம்பிகள். சட்டத்தைப் பிரித்து நான்கு பக்கங்களையும் நீளவாக்கில் ஒன்றோடொன்று ஒட்ட வைத்தால் என்ன நீளம் வரும்? நடைச்சட்டத்தை வைத்தே அளந்தேன், படிகளைக் கம்பி வழியே எண்ணிக் கணக்கிட்டேன். நம் படியின் நீளம் வந்தது, ஒரு கையளவு மிச்சமாக. நடுக்கம்பிகள் சுவரில் பதிக்கும் முளைகளுக்குப் போதும். இடப்பக்கச் சுவரில் பிடிமானமில்லை என்றுதானே என்னைப் பூட்டினாய்? பிடிமானத்தையே பூட்டாகச் செய்து மாட்டியிருக்கிறாய்.

கேட்டைச் செய்தவன் செல்வம். தேனிப் பக்கத்திலிருந்து வந்து தோப்பும்படியில் பட்டறை வைத்திருப்பவன். அவனுடைய எண் கேட்டின் மூலையிலேயே பெயின்ட்டில் எழுதியிருந்தது. நேற்று அழைத்தேன்.

“ஏங்கம்மா, கேட்டு எதாச்சும் எடக்குப் பண்ணுதா?”

“ரொம்ப நன்றாக வேலை செய்கிறது. அதை அறுக்க வேண்டும்.”

“சார் சொல்லலீங்களே. சார் சொல்லாம நான் கை வைக்க முடியாதும்மா.”

“கேட்டுக்கு உள்ளே இருப்பது யார் செல்வம், சாரா, நானா?”

“நீங்கதாம்மா.”

“வீடு யார் பெயரில் என்று கீழே கடையில் கேட்டுக்கொள். பிறகு வா.”

இன்று காலை வந்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று என் வரைபடத்தைக் கம்பி வழியாக வாங்கிப் பார்த்தான். “இத மொதல்லயே சொல்லியிருந்தா கேட்டே வேணாமேம்மா” என்றான். முதலில் என்னிடம் யாரும் கேட்கவில்லை என்றேன். பூட்டை அவன் தொடவே இல்லை, கீல்களை அறுத்தான். ஆகவே பூட்டு இன்னும் பூட்டியே இருக்கிறது, சாவி லிஸ்ஸியின் கழுத்தில் பத்திரமாக இருக்கிறது, அவள் உனக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை. அந்த நேரத்தில் அவள் மருந்துக் கடைக்குப் போயிருந்ததாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். காலையில் கேமரா தெரியவில்லையே என்று நீ கேட்டபோது கரண்ட் இல்லை என்று உன்னிடம் சொன்னவளும் அவள்தான். கரண்ட் இருந்தது. படியின் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயின்ட். அது அறுக்கும் இயந்திரத்துக்கு வேண்டியிருந்தது. பட்டறைக்குக் கொண்டுபோய் ஒட்ட வைத்து, மதியம் திரும்பி வந்து, இடப்பக்கச் சுவரில் துளையிட்டு, சிமென்ட் வைத்துப் பதித்துவிட்டான். போகும்போது, “நாளைக்குக் காலை வரைக்கும் அதுல வெயிட் போட்ராதீங்கம்மா” என்றான். சிமென்ட் இறுகும் நேரம்தான் இந்தக் கடிதத்தின் நீளம்.

இப்போது படியின் தலையில் நாற்காலி போட்டு அமர்ந்து எழுதுகிறேன். எதிரே தடுப்பு இல்லை. மாதக்கணக்காகக் கம்பிகளுக்கு இடையே கோடு கோடாகத் தெரிந்த தெரு முழுதாகத் தெரிகிறது. ஓர் ஆடு நம் வாசற்படியில் முன்னங்காலை வைத்துக்கொண்டு மேலே பார்க்கிறது. சொன்னால் நீ நம்ப மாட்டாய், இறங்கலாம் என்றான பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. கேட் இருந்தவரை என் காலைப் பற்றி நான் நினைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உன்னை வைது பொழுதைக் கழித்தேன். இந்தப் படி செங்குத்தானது. கால் நடுங்கலாம். விழவும் செய்யலாம். நீ பயந்தது வெறும் கற்பனை அல்ல என்பதை இங்கிருந்து பார்க்கும்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரையேனும் காப்பாற்ற வேண்டுமென்று உனக்குத் தோன்றும்போதெல்லாம், உன் மகளையும் சேர்த்தே சொல்கிறேன், அவர்களுக்கு எங்கே பிடிமானம் இல்லை என்று முதலில் கேள். பெரும்பாலும் நீ தடுப்புக்கு வாங்கும் இரும்பே போதுமானதாக இருக்கும். இது ஒன்றுதான் அறிவுரை. மற்றதெல்லாம் விளையாட்டு மதிப்புரை.

நாளைக் காலை நான் எழுந்து இடக்கையால் சுவர்ப் பிடியையும் வலக்கையால் மரப் பிடியையும் பிடித்த பிறகு, லிஸ்ஸி இந்தக் கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உனக்கு அனுப்பத் தொடங்குவாள். நீ முதல் பத்தியில் ககரத்தோடு போராடும்போது நான் இரண்டாம் படியில் இருப்பேன். தூக்குவாளிக்குள் நீ விரல் விடும் இடத்தில் நான் பாதிப் படியில் இருக்கலாம். நண்டு வரும்போது தெருவில். இந்த இடத்துக்கு நீ வந்து சேரும்போது புதிய படகுத்துறைக்கு எதிரே உள்ள கடையில் ஒரு சாயாவும் பழம்பொரியும் சொல்லியிருப்பேன். தண்ணீரைப் பார்க்க அங்கேதான் நல்ல இடம். லிஸ்ஸியை அழைத்துத் திட்டாதே. அவளை வேலையை விட்டு நிறுத்தினால் அவளுக்குச் சம்பளம் நான் கொடுப்பேன், நண்டைத் தாண்ட எனக்கு ஆள் வேண்டும்.

கேமராவின் பிளக் கழற்றியபடியே இருக்கிறது. அதை யாரும் சொருகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இறங்கியது பாதிச் சோதனைதான். உன் நிபந்தனையில் ஏறுவதும் இருக்கிறது. திரும்பி ஏறி வந்து என் கையால் நானே சொருகுவேன். அதுவரை உன் திரை இருட்டாக இருக்கும். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு. வெளிச்சம் வந்து அதில் என் முகம் தெரிந்தால், ஆலுவாவுக்குத் தொலைபேசி செய்து இடம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

ராத்திரிக்கு ஓட்ஸ் கிண்ட வேண்டாம் என்று லிஸ்ஸியிடம் சொல்லியாயிற்று.